கையளித்தார் என்று எழுதியவன்

கல்முனைப் பசாரில் புடவைக் கடைக்குள் காலடி வைத்ததும் ஒரு மணம் வரும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிரிக்காத துணியின் மணம். கஞ்சியும் கடுதாசியும் பூச்சி உருண்டையும் கலந்தது. இந்த வயதில் எனக்கு ஒழுங்காக வேலை செய்வது மூக்கு ஒன்றுதான். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கருவி, முழங்காலுக்கு எண்ணெய் என்று மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் வைத்தாகிவிட்டது. போன மாதம் அந்த மணத்துக்குள் ஒரு கதிரையில் சுகமாக உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த வம்பு தொடங்கியது.

கூட்டிக்கொண்டு போனவர் என் மச்சான், மனைவியின் தம்பி. சாகாமத்துக் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் வட்டையில், அதாவது எங்கள் வயல்வெளியில், கமக்காரர்களுக்கு ஒரு மண்டபம் கட்டி முடித்திருந்தார்கள். காணி கொடுத்தது மச்சானின் குடும்பம். ஆகவே வாசலில் பதிக்கும் கல்வெட்டும் அவருடைய செலவு, அவருடைய பெருமை. திறப்பு விழா அன்று கல்லை மூடித் தொங்கவிட ஒரு திரை வேண்டும். அதற்குத்தான் துணி.

கடைக்காரப் பொடியன் கட்டை உருட்டிப் பச்சை நிறத்தில் ஒன்றை எங்கள் முன்னால் விரித்தான்.

"ஹாஜியார், இது வெல்வட். தொட்டுப் பாருங்க, பூனக்குட்டி மாதிரி. சேர், நீங்களும் தடவுங்க. தடவுறத்துக்குக் காசில்ல."

தடவினேன். மெத்தென்று இருந்தது. ஒரு பக்கம் தடவினால் வெளிச்சம், மறுபக்கம் தடவினால் இருட்டு. உடனே எனக்கு வானொலி ஞாபகம் வந்தது. நான் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். ஐரோப்பாவில் ஒரு நாட்டுச் சனங்கள் தெருவில் கூடி நின்றே, வெடி வைக்காமல், ஓர் ஆட்சியை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அதற்கு உலகம் இந்தத் துணியின் பெயரை வைத்தது. ஆசிரியர் அறையில் நான் அதைப் பெரிய புதினச் செய்தியாகச் சொன்னேன். கணக்கு வாத்தியார் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "வெல்வட்டா? புது மாப்பிளட தலகாணிக்குப் போடுறதுதானே அது? அதால என்ன புரட்சிய செய்ற?"

அதற்குப் பிறகு எத்தனையோ வந்தன. ஒரு நாட்டில் ரோசாப்பூ, இன்னொன்றில் தோடம்பழத்தின் ஆரஞ்சு நிறம், அரபு தேசங்களில் வசந்தம். கத்தி எடுக்காமல் சனங்கள் வென்றுவிட்டால் அதற்குப் பூவின் பெயரோ பழத்தின் பெயரோ வைத்து, கலியாண வீட்டுச் சாமான் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். பெயரில் அவ்வளவு மோசம் இல்லை. என்ன நடந்தது, யார் செய்தது என்று சொல்லும் இடத்தில்தான் கை வைப்பார்கள். இறங்கினார், விலகினார், விட்டுக்கொடுத்தார். நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த வருஷத்தில், கொழும்பில் சனங்கள் மாளிகைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்களே, அப்போது தொலைக்காட்சியில் ஒருவர் கழுத்துப் பட்டியைச் சரி செய்துகொண்டு, "பதவியைத் துறந்தார்" என்று வாசித்தார். நான் கதிரையிலிருந்து எழும்பிக் கத்தினேன். துறக்கிறதென்றால் தன்னிடம் இருப்பதை மனமுவந்து விடுவதல்லவா? இவர் எங்கே விட்டார்? பிடுங்கியல்லவா எடுத்தார்கள்?

குசினிக்குள் இருந்து மனைவி கேட்டாள்: "ஆரோட சண்ட? டிவிக்கு உங்கட சத்தம் கேக்குமா?"

அவளுக்கு விஷயம் தெரியும். நான் ஏசியது அந்த வாசிப்பாளரை இல்லை.

சரி, கடைக்கு வருகிறேன். மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கல்லில் வெட்ட வேண்டிய வாசகம். "மொழிய மட்டும் ஒருக்காப் பாத்துத் தாங்க மச்சான். நீங்க ஒண்டும் மாத்தத் தேவல்ல. உங்கட வசனம்தான். பேப்பரில வந்தத வாப்பா வெட்டி வெச்சிருந்தார்."

கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். "வட்டை விதானைப் பொறுப்பை வயற்காரருக்குப் பெருந்தன்மையுடன் கையளித்த போடியார் அவர்களின் நினைவாக." கை தானாக வெல்வட்டுக்குப் போயிற்று, பிடிக்க ஏதாவது வேண்டும் போல.

அந்த வாக்கியம் என்னுடையதுதான். மறுக்க வழி இல்லை.

இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பகுதியில் நிறைய வயல் உள்ளவரைப் போடியார் என்போம். வயல் அவருடையது, விதைத்து வெட்டுகிறவர்கள் வயற்காரர்கள். தண்ணீரை எந்த வயலுக்கு முதலில் விடுவது, எதற்குப் பிறகு விடுவது என்று தீர்மானிக்கிறவர் வட்டை விதானை. நீங்கள் நினைக்கிறபடியே, விதானையைத் தெரிந்தெடுப்பவர்கள் போடிமார்.

என் மாமனார் அந்த வட்டையின் பெரிய போடியார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவான். நானும் கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போனேன். மாமா கட்டித் தந்த வீடு, மாமா எழுதித் தந்த சீதன வயல், மாமி ஆக்கிப் போடுகிற சோறு. கலியாணம் முடித்த முதல் வருஷத்தில் நான் நன்றாகத் தின்று கொழுத்த ஒரு பூனை. பகலில் பள்ளிக்கூடம். மற்ற நேரத்தில் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு நிருபர். பெயர் வராது, "எமது நிருபர்" என்றுதான் வரும். ஆனாலும் ஊருக்கே தெரியும். நானே எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

மாரி விதைப்புக்கு முன்னால் வாய்க்கால் ஓரத்து மருதமரத்தடியில் கூட்டம் நடக்கும். போடிமார் கதிரையில். வயற்காரர்கள் பின்னால் நின்றபடி. பெரிய போடியார் விதானையின் பெயரைச் சொல்லி, "சம்மதமா?" என்று மூன்று முறை கேட்பார். பின்னால் நிற்கிறவர்கள் "ஓம்" என்பார்கள். அந்த ஓமுக்காகத்தான் அவர்களைக் கூப்பிடுவது. வேறு எதற்கும் அவர்கள் வாய் தேவைப்படவில்லை.

அதற்கு முந்திய வருஷம் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போகவில்லை. கதிர் வரும் நேரத்தில் பயிர் கருகிப் போனது. அவற்றில் ஒன்றைச் செய்தவர் நற்பிட்டிமுனை ஆதம்பாவா. ஒல்லியான மனிதர், பகிடிக்காரர். தண்ணீர் கேட்கப் போனவரிடம் பழைய விதானை சொன்னானாம்: "போடியார்ர வயல் நனைஞ்சாத்தாண்டா உன்ட வாய் நனையும்."

இந்த வருஷக் கூட்டத்துக்கு வயற்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். எங்கள் முஸ்லிம் ஆட்களும் வந்தார்கள், திருக்கோவில் பக்கத்துத் தமிழ் ஆட்களும் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். மாமா கேட்டார்: "சம்மதமா?"

யாரும் வாய் திறக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாமா மறுபடியும் கேட்டார். மறுபடியும் தண்ணீர்ச் சத்தம்.

"என்னடா, எல்லாருக்கும் காது அடைச்சிட்டா?"

ஆதம்பாவா மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு முன்னுக்கு வந்தார். "காது கேக்கிது போடியார். வாய்தான் இந்த முற சம்மதிக்கிதில்ல."

பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அது அவருடைய மனைவி மரியங்கண்டு. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது, கருவி இல்லாமலே.

"தண்ணி ஆருக்கு முதல்ல எண்டத்தக் கடசி வயல்காரனும் சேந்து சொல்லோணும்," என்றார் ஆதம்பாவா. "விதானைய நாங்க தெரிஞ்செடுக்கிறம். இல்லாட்டி, வயல் உங்கட, விதநெல்லும் உங்கட. விதைக்கிற கை எங்கட. அது இந்த மாரிக்கு வராது."

சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். பிறகு பல நாட்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

வரம்பு வெட்டவில்லை, போடியாரின் வயல் குடிசையான வாடிக்கு நெருப்பு வைக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பெண்கள் பெட்டியில் சோறு கொண்டுவந்தார்கள். எங்கள் ஆட்கள் வரம்பில் வரிசையாய் நின்று தொழும்போது, திருக்கோவில் கண்ணமுத்தரின் ஆட்கள் சோற்றுப் பெட்டிகளைக் காகம் கொத்தாமல் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் மீன் தொடமாட்டார்கள் என்பதால் அன்றைக்கு எல்லாருக்கும் பருப்பும் சோறும்தான். "போடிமாரக் கவுக்க முந்தி எங்கட மீனக் கவுத்துட்டாண்டா கண்ணமுத்து," என்று ஆதம்பாவா சொல்ல, கண்ணமுத்தர், "நாளைக்கு ரெண்டு துண்டாத் தின்னு காக்கா," என்றார். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

இதெல்லாவற்றையும் விட ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் போடியாரின் வண்டி வரும்போது அத்தனை பேரும் எழும்பி, சாரத்தை இறக்கிவிட்டு, மரியாதையாக நிற்பார்கள். வண்டி நின்றதும் திரும்ப உட்காருவார்கள். மாமாவால் தாங்க முடியாமல் போனது அதுதான். வாடியில் என்னிடம் சொன்னார்: "அடிச்சானுகளெண்டா பொலிசுக்குச் சொல்லலாம் மருமகன். ஏசினானுகளெண்டா திருப்பி ஏசலாம். எழும்பி நிண்டு மரியாத தந்துட்டு இருக்கிறானுகள். இதுக்கு என்னத்தச் செய்ற?"

உலகத்துப் பேராசிரியர்கள் இப்படிப்பட்ட போராட்டங்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றைப் படித்தும் இருக்கிறேன். மாமா சொன்னதை விடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்துவிட்டால் விதைப்புப் பிந்திவிடும். மற்றப் போடிமார் ஒவ்வொருவராக மாமாவிடம் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். ஒரு காலை நான் மாமாவுக்குத் தேத்தண்ணிப் போத்தலோடு வாடிக்குப் போயிருந்தேன். சாக்குக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் தலைக்கு மேலே மண்சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஓர் இரும்புக் கைபிடி. வாய்க்கால் மதகைத் திருகித் தூக்குவது. அது எவர் கையில் இருக்கிறதோ அவர்தான் விதானை.

ஆதம்பாவா வாசலில் வந்து நின்று, கால்களை ஒன்றோடொன்று தேய்த்துச் சேற்றைத் துடைத்தார். "போடியார், எடுக்கிறன்," என்றார்.

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஆதம்பாவா உள்ளே வந்து கையை நீட்டி ஆணியிலிருந்து இரும்பைக் கழற்றினார். சுவரிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்து மாமாவின் தோளில் விழுந்தது. மாமா அதைத் தட்டவும் இல்லை. ஆதம்பாவா என்னைப் பார்த்தார். "மாஸ்டர், பாத்துக்கங்க. எடுத்துட்டன். எழுதுறெண்டா இதத்தான் எழுதோணும்."

"ஓம்," என்றேன்.

அன்று வீட்டில் மாமி கணவாய்க் கறி ஆக்கியிருந்தார். சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது மாமா கேட்டார்: "பேப்பருக்கு எழுதப் போறீங்களா மருமகன்?" குரலில் கோபம் இல்லை. "எழுதத்தானே வேணும். உங்கட வயலும் அந்த வட்டையிலதான் கிடக்கு. அதையும் நினைச்சி எழுதுங்க." அவ்வளவுதான் சொன்னார். கணவாய் நல்ல ருசி.

மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். புரட்சி என்று எழுதலாமா? ஒரு வாய்க்காலுக்குப் புரட்சியா, கொழும்பில் சிரிப்பார்கள். போராட்டம்? பொலிஸ் வரும். வென்றார்கள் என்றால் தோற்றது யார் என்று கேள்வி வரும். கடைசியில் இப்படி எழுதினேன்: நீர்ப் பங்கீடு தொடர்பாக ஏற்பட்ட சிறு சலசலப்பு சுமுகமாகத் தீர்ந்தது, போடியார் வட்டை விதானைப் பொறுப்பை வயற்காரருக்குப் பெருந்தன்மையுடன் கையளித்தார். எழுதிவிட்டு நானே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். ஓசை நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையா? என்னை யாரும் மிரட்டவில்லை. எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது.

நான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்ட ஒரு சாட்டு உண்டு. எங்கள் சூட்டுக் களத்தில், நெல் மிதிக்கும் இடத்தில், எதையும் அதன் பெயரால் சொல்லமாட்டார்கள். நெல்லைப் பொலி என்பார்கள். மாட்டை வாரிக்காலன் என்பார்கள். முடிந்தது, குறைந்தது என்ற சொல் வாயில் வரவே கூடாது. உண்மைப் பெயர் காதில் விழுந்தால் பூதம் வந்து நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும். பெயரை மாற்றிச் சொல்வது எங்கள் மண்ணின் வழக்கம், நானும் அதைத்தானே செய்தேன் என்று நினைத்தேன். படித்தவனுக்குச் சாட்டுக்கா பஞ்சம்?

அந்த ஒரு வருஷம் ஆதம்பாவா விதானையாக இருந்தார். கடைசி வயல் வரை தண்ணீர் போனது. மாமாவின் வயலும் நன்றாக விளைந்தது. அதையும் சொல்ல வேண்டும். மாமா அந்தப் பத்திரிகையை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

அடுத்த வருஷக் கூட்டத்துக்கு அரசாங்கத்தின் காரியாதிகாரி ஒருவரும் வந்திருந்தார். போடிமார் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை அவர் கையில் கொடுத்தார்கள். "போன வருசம் நாங்க பெருந்தன்மையாக் குடுத்தம் ஐயா. பேப்பரிலயே கிடக்கு. குடுத்தவங்க இப்ப திருப்பிக் கேக்கிறம்." அதிகாரி சத்தமாக வாசித்தார். என் வாக்கியம் மருதமரத்தடியில் அழகாக ஒலித்தது.

ஆதம்பாவா எழும்பினார். "ஆரும் தரல்ல ஐயா. நான் எடுத்தன். மாஸ்டர் நேர நிண்டவர். கேளுங்க."

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. அதிகாரி சட்டத்தைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்: "இது நீங்கள் எழுதியதா?"

"ஓம்," என்றேன்.

உண்மைதான். கேட்ட கேள்விக்கு உண்மையான பதில். அதற்கு மேல் என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆதம்பாவா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாடிக்குள் போய் இரும்பை அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். அந்தப் போகத்தோடு அவர் செய்த வயலும் வேறு ஆளுக்குப் போனது. அதற்குப் பிறகு அவரைக் கல்முனையில் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கும்போதுதான் காண்பேன். எப்போதும் அவர்தான் முதலில் ஸலாம் சொல்வார்.

மரியங்கண்டு அப்படி இல்லை. ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. நான் தடுமாறி, சண்டை வராமல் இருக்கத்தான் அப்படி எழுதினேன், களத்தில் நாங்கள் பெயரை மாற்றிச் சொல்வதில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள். அன்று மரத்தடியில் சிரித்த சிரிப்பு இல்லை.

"களத்தில பேர மாத்துறது பூதம் அள்ளிட்டுப் போகாம இருக்க, மாஸ்டர். நீங்க மாத்தினது பூதத்துக்கு அள்ளிக் குடுக்க." முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். உள்ளே என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றைச் சொன்னால்தான் இது முழுமையாகும். சில வருஷம் போக, அந்த மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களே பேசத் தொடங்கினார்கள்: "போடியார் ஒரு வருசம் எங்களுக்குத் தந்தாரே, நல்ல மனிசன்." தங்கள் கையால் எடுத்ததைத் தங்கள் வாயாலேயே திருப்பிக் கொடுத்தார்கள். நான் எழுதிய வாக்கியம் அவர்கள் ஞாபகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு வந்த சட்டங்களில் விதைக்கிறவனுக்கும் வாக்குக் கிடைத்தது. அதையும் எல்லாரும் தந்தது என்றே சொன்னார்கள். பிறகு துவக்குகளின் காலம், யுத்தத்தின் காலம். இரண்டு சாதிச் சனமும் ஒரு வரம்பில் இருந்து பருப்புச் சோறு தின்ற கதையை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்ற காலம். வட்டைக்கே போகப் பயந்து கிடந்தோம்.

ஆதம்பாவா சீனி வருத்தத்தில், நீரிழிவில், படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் சாகாமத்துக் குளத்தில் இந்த முறை தண்ணீர் எப்படி என்று கேட்டார். நல்ல தண்ணீர் என்றேன். கொண்டுபோன தோடம்பழங்களைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். அவருக்குப் பழம் தின்னக் கூடாது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இவ்வளவும் வெல்வட்டைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"இதக் கல்லில வெட்ட ஏலா."

"என்ன பிழ? எழுத்துப் பிழயா?"

"எழுத்து சரி. விசயம் பொய். வாப்பா குடுக்கல்ல. ஆதம்பாவா எடுத்தார். நான் பாத்தன்."

மச்சானின் முகம் சிவந்தது. "அந்தக் காலத்துக் கதய இப்ப கிண்டுறீங்க. மௌத்தாப் போன மனிசன இழிவாக்கப் போறீங்களா? நீங்க எழுதினத நான் போடுறன், இதில எனக்கென்ன குத்தம்?"

"குத்தம் எனக்குத்தான். அதாலதான் சொல்றன். வாப்பா அடிக்க ஆள் அனுப்பியிருக்கலாம், அனுப்பல்ல. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அதுக்கு நான் மரியாத குடுப்பன். குடுத்தாரெண்டு மட்டும் இனி என்ட கையால வராது. நீங்க வெட்டினா, திறப்பு விழாவில எழும்பி நிண்டு பொய்யெண்டு சொல்லுவன்."

கடைக்காரப் பொடியன் கத்திரிக்கோலோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஹாஜியார், துணிய வெட்டுறதா, சுருட்டுறதா?"

"வெட்டு," என்றார் மச்சான்.

மாலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், அக்காவிடம் முறைப்பாடு செய்ய. நான் முன் விறாந்தையில் இருந்தேன். அவர் சொல்லி முடிக்கும் வரை அவள் கேட்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா கடசியா ஆசுபத்திரியில கிடக்கக்குள்ள நான்தான் பக்கத்தில இருந்த. ஒருநாள் சொன்னார், 'நான் குடுக்கல்ல மகள். குடுத்திருக்கலாம்' எண்டு." தம்பியைப் பார்த்தாள். "கப்றுக் குழிக்குள்ள கேள்வி வாப்பாட்டத்தான். நீ மேலால ஒரு பொய்க் கல்லப் போட்டு அவருக்கு இன்னொரு கேள்விய வெக்காத."

மச்சான் எழும்பிப் போய்விட்டார். நான் அவளைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ், இதை என்னிடம் அவள் சொன்னதில்லை.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க எப்பயாவது கேட்டயளா?" என்றாள்.

கடைசியில் மச்சான் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். வாசகமே இல்லாமல், விதானைமாரின் பெயர்கள் மட்டும். ஆதம்பாவாவின் பெயரும் இருக்கும். நல்ல ஏற்பாடு என்று எல்லாரும் சொன்னார்கள். சுமுகம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே எனக்குக் கணவாய்க் கறி மணந்தது.

விழா அன்று பச்சை வெல்வட்டை ஒரு பெரிய மனிதர் இழுத்தார். கல்லில் பெயர்கள். கை தட்டினார்கள். என்னைப் பேசச் சொல்லவில்லை. நானாகவே எழும்பி ஒலிபெருக்கிக்குப் போனேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தக் கல்லில் ஆதம்பாவா என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்த வருஷம் விதானைப் பொறுப்பை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. இந்த வட்டையின் வயற்காரர்கள் எடுத்தார்கள். ஒருவரையும் தொடாமல் எடுத்தார்கள். கொடுத்தார்கள் என்று பத்திரிகையில் எழுதியவன் நான். அது பொய்."

வெளிச்சத்தில் முகங்கள் சரியாகத் தெரியவில்லை. முன் வரிசைக் கதிரையில், வெள்ளைப் புடவையால் தலையை மூடிக்கொண்டு, மிகவும் வயதான ஒரு பெண் இருந்தாள். மரியங்கண்டு. அவளுக்கு இப்போது காது கேட்காது. பக்கத்தில் இருந்த மகளிடம் கேட்டாள்: "என்னவாம் மாஸ்டர்?"

மகள் அவள் காதுக்குள் கத்தினாள். மண்டபம் முழுக்கக் கேட்டது: "வாப்பா எடுத்தாராம்மா! ஆரும் குடுக்கல்லயாம்! எடுத்தாராம்!"

மரியங்கண்டு என்னைப் பார்த்தாள். "இப்பதானாமா மாஸ்டருக்குத் தெரியும்?"

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? மன்னிப்பு என்று அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி எடுத்துக்கொண்டால் அதுவும் இன்னொரு கையளித்தார் ஆகிவிடும்.

விழா முடிந்து வட்டைக்குள் கொஞ்சம் நடந்து பார்த்தேன். மருதமரம் இல்லை, அந்த இடத்தில் பாதை போகிறது. வாடி இருந்த இடம் தெரியவில்லை. வெட்டும் மெசின் வந்த பிறகு சூட்டுக் களம் இல்லை. பொலி என்று சொல்ல ஆளும் இல்லை, பூதத்துக்குப் பயமும் இல்லை. நெல்லை நெல் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். கண்ணமுத்தரின் ஆட்கள் இந்தப் பக்கம் வயல் செய்வதை எப்போதோ விட்டுவிட்டார்கள். மதகில் இப்போது சுற்றுகிற சக்கரம் பூட்டியிருக்கிறது. பழைய இரும்புக் கைபிடி எங்கே என்று மச்சானிடம் கேட்டேன். கோபம் ஆறாத குரலில், "வீடு திருத்தக்குள்ள பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சி," என்றார்.

போகட்டும். மண்சுவரும் ஆணியும் இரும்பும் போய்விட்டன. மாமாவின் தோளில் மண் விழுந்ததைப் பார்த்த கண் இரண்டு மட்டும் மிச்சம், அதுவும் கண்ணாடி போட்ட கண். ஆகவே இதை வாசிக்கிற நீங்கள் எங்காவது இந்தக் கதையைச் சொல்ல நேர்ந்தால், சுமுகம் என்று சொல்லாதீர்கள், பூப்பெயர் வைக்காதீர்கள். ஆதம்பாவா காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், கையை நீட்டினார், எடுத்தார் என்று சொல்லுங்கள்.